டீசல் தீர்ந்து நடுவழியில் நின்ற கார்: உள்ளே ஏதாவது கெட்டிருக்குமா?

தாழம்பூ | ஞாயிறு, இரவு 9.20

எல்லோருக்கும் வணக்கம். நேற்று நடந்ததை அப்படியே எழுதுகிறேன். வண்டி விவரம் தெரிந்தவர்கள் வழி சொல்லுங்கள்.

அம்மாவைக் கூட்டிக்கொண்டு திருச்சியிலிருந்து மதுரைக்கு வந்துகொண்டிருந்தேன். வண்டி 2014 மாடல் டீசல் ஹேட்ச்பேக், காமன் ரயில் இன்ஜின். இரண்டாவது கையாக வாங்கி எட்டு மாதம் ஆகிறது. விராலிமலை தாண்டும்போது டீசல் முள் சிவப்புக் கோட்டுக்கு மேலே ஒரு விரல் அகலம் நின்றது. மேலூர் போய் அடித்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன். துவரங்குறிச்சி தாண்டியதும் ஆக்சிலரேட்டரை மிதித்தாலும் வேகம் ஏறவில்லை. இரண்டு தடவை வெட்டி வெட்டி இழுத்தது, அப்புறம் இன்ஜின் அடங்கிவிட்டது. எப்படியோ இடது ஓரம் ஒதுக்கிவிட்டேன்.

முள் அப்போதும் கோட்டுக்கு மேலேதான் நின்றது. அதனால் டீசல் தீர்ந்திருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. வேறு ஏதோ கோளாறு என்று நினைத்து செல்ஃப் அடித்தேன், விட்டேன், மறுபடி அடித்தேன். பத்துத் தடவைக்குக் குறையாது. பைக்கில் போன ஒரு பெரியவர் நிறுத்தி, டீசல் மூடியைத் திறக்கச் சொல்லி, வண்டியின் பின்பக்கத்தைப் பிடித்து ஆட்டினார். காதை வைத்துக் கேட்டுவிட்டு, “சலசலப்பே இல்லையேம்மா, டேங்க் காலி” என்றார். அவரே கொட்டாம்பட்டி போய் ஐந்து லிட்டர் கேனில் வாங்கி வந்தார். ஊற்றியும் ஸ்டார்ட் ஆகவில்லை.

பிறகு அங்கிருந்து ஒரு மெக்கானிக் வந்தார். பானெட்டைத் திறந்து ஃபில்டர் மேலிருக்கும் கைப் பம்பை அழுத்திக்கொண்டே இருந்தார். முதலில் தொளதொளவென்று உள்ளே போனது, நாற்பது ஐம்பது அழுத்துக்குப் பிறகு கல்லாக இறுகியது. ஒரு ஸ்க்ரூவைத் தளர்த்தினார். சோப்பு நுரை மாதிரி வந்து, பிறகு சுத்தமான டீசல் வழிந்தது. இறுக்கிவிட்டு ஸ்டார்ட் செய்தார். கொஞ்ச நேரம் வெள்ளைப் புகை வந்தது, அப்புறம் சரியாகிவிட்டது. மேலூரில் இன்னும் பத்து லிட்டர் போட்டுக்கொண்டு வீடு வந்து சேர்ந்தோம்.

இன்று காலை ஸ்டார்ட் ஆக வழக்கத்தைவிட இரண்டு வினாடி கூடுதலாக எடுத்தது. மீட்டரில் மஞ்சள் இன்ஜின் விளக்கும் எரிகிறது. மெக்கானிக் “ஒன்றும் ஆகாது” என்றார். ஒரு சர்வீஸ் சென்டருக்குப் போன் செய்தால், வண்டியைப் பார்க்காமலேயே “பம்ப், நாசில் எல்லாம் மாற்ற வேண்டியிருக்கும்” என்கிறார்கள். யார் சொல்வதை நம்புவது? ஒரே ஒரு தடவை தீர்ந்து நின்றதற்கு இவ்வளவு கெடுதல் வருமா?

---

வடவள்ளி வாசி | ஞாயிறு, இரவு 9.55

தங்கச்சி, பயப்படாதீர்கள். என் பெட்ரோல் கார் இதுவரை மூன்று முறை தீர்ந்து நின்றிருக்கிறது. பாலக்காட்டு ரோட்டில் ஒரு தடவை, ஊருக்குள்ளேயே இரண்டு தடவை. பெட்ரோல் ஊற்றிச் சாவியைத் திருப்பினால் கிளம்பிவிடும். ஒன்பது வருடமாகிறது, பம்பும் நன்றாக இருக்கிறது, இன்ஜினும் நன்றாக இருக்கிறது.

ஆனாலும் கால் டேங்குக்குக் கீழே போகவிடக் கூடாது என்று அப்பா சொல்வார். டேங்கின் அடியில் வருடக் கணக்காகப் படிந்திருக்கும் கசடு, அடிமட்டத்துக்கு வந்தால்தான் உறிஞ்சப்படும், அது போய் இன்ஜினை அடைத்துவிடும் என்பார். கெடுதல் என்றால் அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

---

நாமக்கல் டீசல் | ஞாயிறு, இரவு 11.10

சகோதரி, நான் இருபது வருடத்துக்கு மேலாகப் பம்ப் நாசில் வேலை பார்க்கிறேன். பார்க்காமலேயே பம்ப் மாற்றச் சொல்கிறவரிடம் வண்டியை விடாதீர்கள். பார்க்காமலேயே ஒன்றும் ஆகாது என்று சொன்னதையும் அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். இரண்டுக்கும் நடுவில் செய்ய வேண்டிய சோதனை இருக்கிறது.

வடவள்ளி அண்ணன் சொன்னது பெட்ரோல் கதை. டீசலில் விஷயம் வேறு. உங்கள் காரின் ஹை பிரஷர் பம்புக்குத் தனியாக ஆயில் கிடையாது. உள்ளே போகிற டீசல்தான் அதற்கு ஆயில், அதுதான் சூட்டையும் இழுத்துக்கொண்டு போகிறது. காமன் ரயில் என்றால், டீசலை இன்ஜினுக்குள் பீய்ச்சும் நான்கு நாசிலுக்கும் ‘ரயில்’ என்ற ஒரே பொதுக் குழாயிலிருந்து டீசல் போகும் வகை. அந்தத் தலைமுறைக் காமன் ரயில் வண்டிகளில் அழுத்தம் 1600 பார் வரை போகும். கார் டயரில் நாம் அடிக்கும் காற்று இரண்டு பாருக்குக் கொஞ்சம் மேல்தான், அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இவ்வளவு அழுத்தத்தைக் கசியாமல் பிடிக்க வேண்டும் என்பதால் பம்புக்குள் முன்னும் பின்னும் ஓடி டீசலை அழுத்தும் பிளஞ்சர் தண்டுக்கும் அதன் கூட்டுக்கும் இடையில் விடும் இடைவெளி இரண்டு மூன்று மைக்ரான்தான். தலைமுடியின் தடிமன் எழுபது மைக்ரான் அளவு. அந்த இடைவெளியில் டீசல் படலம் நிற்கும் வரை உலோகம் உலோகத்தைத் தொடாது. டீசலுக்குப் பதில் காற்று வந்தால் உரசல் ஆரம்பிக்கும்.

உரசினால் பம்ப் மட்டும் போனால் பரவாயில்லையே. தேய்ந்து விழும் பொடி ரயிலுக்குப் போகும், ரயிலிலிருந்து நாசிலுக்குப் போகும், மிச்சம் ரிட்டர்ன் லைன் வழியாக டேங்குக்கே திரும்பி வரும். ஃபில்டர் இருப்பது பம்புக்கு முன்னால். பம்புக்குப் பின்னால் உண்டாகிற பொடியைத் தடுக்க அங்கே பெரிதாக ஒன்றும் கிடையாது. அதனால்தான் அந்தக் கட்டத்துக்குப் போன வண்டியில் பம்ப், ரயில், நான்கு நாசில், லைன் எல்லாவற்றையும் மாற்றி டேங்கையும் இறக்கிக் கழுவ வேண்டிவருகிறது. பத்து வருடம் ஓடிய காருக்கு அந்தச் செலவு செய்யலாமா என்றே யோசிக்கத் தோன்றும்.

இனி உங்கள் விஷயம். டீசல் தீர்ந்து இன்ஜின் நின்ற அந்தச் சில வினாடிகளைப் பற்றி எனக்குப் பெரிய கவலை இல்லை. ரயில் அழுத்தம் விழுந்ததுமே கம்ப்யூட்டர் நாசிலை மூடிவிடும், இன்ஜின் அடங்கிவிடும். என் கவலை அதற்குப் பிறகு நீங்கள் அடித்த பத்து செல்ஃபைப் பற்றித்தான். ஒவ்வொரு தடவையும் அந்தப் பம்ப் டீசல் இல்லாமல் சுற்றியிருக்கிறது. அதே சமயம், செல்ஃபில் இன்ஜின் சுற்றுவது மெதுவாகத்தான். சுவரில் ஒட்டியிருந்த டீசலும் கொஞ்சம் காப்பாற்றியிருக்கும். என் பட்டறைக்கு டீசல் தீர்ந்து வந்த கார்களில் பெரும்பாலானவை ஏர் எடுத்து, அதாவது குழாயில் புகுந்த காற்றை வெளியேற்றி, ஃபில்டர் மாற்றியதோடு கிளம்பிப் போனவைதான். பொடி வந்தவை நான் பார்த்த வரை, டீசல் இல்லாமல் கயிறு கட்டி கியரில் போட்டு இழுத்து ஸ்டார்ட் செய்யப் பார்த்தவை. காரைக் கட்டி இழுத்தால் பம்ப் செல்ஃபைவிடப் பல மடங்கு வேகத்தில் வறட்சியாகச் சுற்றும். அதை யாரும் செய்யாதீர்கள்.

செய்ய வேண்டியது இதுதான். ஃபில்டரைக் கழற்றி உள்ளே இருக்கும் டீசலை ஒரு வெள்ளைத் தட்டில் ஊற்றச் சொல்லுங்கள். டார்ச் அடித்துப் பாருங்கள். ஜிகினா மாதிரி மினுமினுத்தால் விஷயம் பெரியது. மினுமினுப்பு இல்லை என்றால் பாதிக் கவலை போய்விடும். அடுத்து ரிட்டர்ன் டெஸ்ட். நான்கு நாசிலின் ரிட்டர்ன் குழாயிலும் ஒவ்வொரு சின்ன பாட்டில் மாட்டி, இன்ஜினைச் சில நிமிடம் ஓடவிட்டால், நான்கிலும் ஏறக்குறைய ஒரே அளவு டீசல் இறங்கியிருக்க வேண்டும். ஒன்றில் மட்டும் ஏராளமாக இருந்தால் அந்த நாசில் தேய்ந்திருக்கிறது. மஞ்சள் விளக்குக்கு ஸ்கேனர் போடட்டும். பி0087 என்று வந்தால் ரயில் அழுத்தம் குறைவு என்று பொருள். டீசல் தீர்ந்தபோது பதிந்த பழைய கோடாகவும் இருக்கலாம். அழித்துவிட்டு இரண்டு நாள் ஓட்டினால் தெரிந்துவிடும். ஸ்டார்ட் ஆக நேரமெடுப்பது எங்காவது இன்னும் ஏர் மிச்சமிருப்பதால் இருக்கலாம்.

புது ஃபில்டர் போடும்போது ஒன்றைக் கவனியுங்கள். திருகி மாட்டும் ஃபில்டராக இருந்தால் அதில் டீசல் நிரப்பி மாட்டுவார்கள். சுற்றிலும் இருக்கும் சின்னத் துளைகளில்தான் ஊற்ற வேண்டும். நடுத்துளையில் ஊற்றினால் வடிகட்டாத டீசல் நேராகப் பம்புக்குப் போய்விடும். இதைப் பலர் கவனிப்பதில்லை.

---

தாழம்பூ | திங்கள், காலை 6.40

நாமக்கல் அண்ணா, மிக்க நன்றி. இரண்டு முறை படித்தேன். செல்ஃப் அடித்தது இவ்வளவு முக்கியமான விஷயம் என்று யாருமே சொன்னதில்லை. இன்று வண்டியை எடுக்காமல் பஸ்ஸில் பள்ளிக்கூடம் போகிறேன். புதன்கிழமை விடுப்பு எடுத்து, நீங்கள் சொன்ன சோதனையைப் பக்கத்தில் நின்று பார்க்கப் போகிறேன்.

ஒரு சந்தேகம். என் சித்தப்பா வருடக் கணக்காக லாரி ஓட்டியவர். “டீசல் தீர்ந்தால் ஏர் எடுத்துவிட்டுப் போய்க்கொண்டே இரு, இதற்கு ஏன் இவ்வளவு கலக்கம்” என்கிறார்.

---

நாமக்கல் டீசல் | திங்கள், காலை 7.30

சித்தப்பா சொல்வது அவர் ஓட்டிய வண்டிக்கு முழுக்கச் சரி. பழைய லாரி, டிராக்டர்களில் வந்த இன்லைன் பம்பில், பம்பை இயக்கும் கேம் ஷாஃப்ட் என்ற தண்டு கீழே ஆயிலில் ஓடும். அழுத்தமும் காமன் ரயிலை ஒப்பிட்டால் மிகக் குறைவு. இரண்டு நட்டைத் தளர்த்தி, கைப் பம்பை அடித்து, ஏர் எடுத்தால் வேலை முடிந்தது. நானே அப்படி நூற்றுக்கணக்கில் செய்திருக்கிறேன்.

டீசலும் மாறிவிட்டது. வாகனப் புகைக்கான அரசு விதியான பாரத் ஸ்டேஜ் மூன்றில் கந்தகம் 350 பிபிஎம் (பத்து லட்சத்தில் 350 பங்கு) வரை இருக்கலாம், நான்கில் 50, 2020 ஏப்ரலிலிருந்து ஆறில் 10. கந்தகத்தை எடுக்கும்போது டீசலின் இயல்பான வழுவழுப்பும் சேர்ந்து போகிறது. அதை ஈடுகட்டத் தனியாகச் சேர்மானம் போட்டுத்தான் அனுப்புகிறார்கள். டீசலில் மண்ணெண்ணெய் கலந்தால் பம்ப் சீக்கிரம் தேய்வதும் இந்த வழுவழுப்புக் குறைவதால்தான்.

முக்கியமான ஒன்று, சித்தப்பாவிடமும் சொல்லுங்கள். பழைய வண்டியில் செய்வது போலக் காமன் ரயிலில் இன்ஜின் ஓடும்போது நாசில் பைப் நட்டைத் தளர்த்தி ஏர் எடுக்கக் கூடாது. அந்த அழுத்தத்தில் பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே இறங்கிவிடும். பார்த்தால் முள் குத்தின மாதிரிதான் தெரியும், ஆனால் கையை எடுக்க வேண்டிய நிலைக்குக் கொண்டுபோய்விடும். அப்படி நடந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

---

ஆய்வுக்கூடம் | திங்கள், மதியம் 1.15

பாலிடெக்னிக்கில் ஆட்டோமொபைல் பாடம் எடுக்கிறேன். டீசல் பக்கத்தை நாமக்கல்காரர் அருமையாகச் சொல்லிவிட்டார். பெட்ரோல் பக்கம் நான் கொஞ்சம் எழுதுகிறேன்.

இன்றைய பெட்ரோல் கார்களில் பம்ப் டேங்குக்கு உள்ளேயே மூழ்கியிருக்கும் ஒரு மின்மோட்டார். சாதாரண எம்பிஎஃப்ஐ வண்டியில் (ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனியாகப் பெட்ரோல் பீய்ச்சும் வகை) அது மூன்று நான்கு பார் அழுத்தம் கொடுக்கும். பெட்ரோல் அந்த மோட்டாரின் உள்ளே புகுந்து, சுருளையும் பேரிங்கையும் தழுவிக்கொண்டுதான் மேலே ஏறுகிறது. மோட்டாருக்கு அதுதான் குளிர்ச்சி, அதுதான் வழுவழுப்பு. இதைச் சொன்னால் என் மாணவர்கள் உடனே கேட்பது, பொறி பறக்கும் மோட்டாரைப் பெட்ரோலுக்குள் வைத்தால் தீப்பிடிக்காதா என்பதுதான். காற்றில் பெட்ரோல் ஆவி சுமார் 1.4 முதல் 7.6 சதவீதம் வரை கலந்திருந்தால்தான் பற்றும். டேங்குக்குள் ஆவி அதைவிட மிக அடர்த்தி. எரியத் தேவையான காற்று அங்கே இல்லை.

ஒருமுறை தீர்ந்து நின்றால் இந்தப் பம்ப் சில வினாடிகள்தான் வறட்சியாக ஓடியிருக்கும். இன்ஜின் நின்றதும் கம்ப்யூட்டர் பம்புக்கு மின்சாரத்தை நிறுத்திவிடும். அதனால் வடவள்ளி ஐயாவின் வண்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. பழுது வருவது ரிசர்விலேயே மாதக் கணக்கில் ஓட்டுகிறவர்களுக்குத்தான். பம்ப் உட்கார்ந்திருக்கும் சின்னக் கிண்ணத்தில் பெட்ரோல் நிறைந்தே இருக்கும்படி வடிவமைத்திருக்கிறார்கள். ஆனால் டேங்கில் மிச்சம் குறைவாக இருந்தால் அதே இரண்டு மூன்று லிட்டரே சுற்றிச் சுற்றி வந்து சூடேறும். வெயில் காலத்தில் அந்தச் சூட்டில் பெட்ரோல் பம்புக்குள்ளேயே குமிழ் விடும். பம்பின் ஆயுள் குறைவது இப்படித்தான், கொஞ்சம் கொஞ்சமாக.

கசடு பற்றி ஐயா சொன்னதில் எனக்கு மாறுபட்ட கருத்து உண்டு. டேங்க் முழுதாக இருந்தாலும் பம்ப் உறிஞ்சுவது அடியிலிருந்துதான். மேலிருந்து உறிஞ்சி, குறையக் குறைய அடிக்கு இறங்குவதில்லை. கசடு இருந்தால் அது முதல் நாளிலிருந்தே வந்துகொண்டுதான் இருக்கும், பம்பின் அடியில் இருக்கும் வலை அதைத் தடுத்துக்கொண்டும் இருக்கும்.

பெட்ரோலில் இன்னொரு உறுப்புக்கும் கெடுதல் உண்டு, புகையில் உள்ள நச்சு வாயுக்களைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டர். சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் 1995 ஏப்ரலிலிருந்தே புதுப் பெட்ரோல் கார்களுக்கு இது கட்டாயம். பெட்ரோல் தீரும் தறுவாயில் சிலிண்டர்கள் ஒழுங்காக எரியாமல் விட்டுவிட்டு அடிக்கும். எரியாத பெட்ரோல் புகைக்குழாய் வழியாகப் போய்க் கன்வர்ட்டருக்குள் எரிந்து அதைச் சூடாக்கும். அரை நிமிடத்தில் ஒன்றும் ஆகிவிடாது. ஆனால் வெட்டி வெட்டி இழுக்கும்போது, இன்னும் ஒரு கிலோமீட்டர் போய்விடலாம் என்று மிதித்துக்கொண்டே ஓட்டக் கூடாது.

---

வடவள்ளி வாசி | திங்கள், மாலை 7.05

ஆய்வுக்கூடம் சார், அடியிலிருந்துதான் உறிஞ்சுகிறது என்பது நான் யோசிக்காத விஷயம். ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் அப்பாவின் அம்பாசிடரில் நான் கண்ணால் பார்த்தது இருக்கிறது. டேங்க் அடிமட்டத்துக்கு வந்த பிறகு கண்ணாடி ஃபில்டரில் செம்பழுப்பாகத் துரு வந்து உட்கார்ந்திருக்கும். நிறைய இருக்கும்போது அப்படி வராது. அதற்கு என்ன சொல்வீர்கள்?

---

ஆய்வுக்கூடம் | திங்கள், இரவு 8.20

நீங்கள் பார்த்தது உண்மைதான் ஐயா. அது தகர டேங்க். பாதி காலியாகவே வைத்திருந்தால் மேலே வெறுமையாக இருக்கும் தகரத்தில் ஈரம் படிந்து துரு வரும். பெட்ரோல் குறைவாக இருக்கும்போது வண்டி ஆட ஆட, மிச்சமிருப்பது அடியைக் கழுவி அந்தத் துருவைக் கிளப்பிவிடும். இப்போதைய கார்களில் பெரும்பாலும் பிளாஸ்டிக் டேங்க் என்பதால் துரு கிடையாது. உங்கள் அப்பா சொன்னது அவருடைய வண்டிக்குப் பொருந்தியது.

ஈரம் மட்டும் இன்றைக்கும் உண்டு. இப்போது பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலக்கிறார்கள். எத்தனால் தண்ணீரை இழுக்கும். ஓர் அளவு வரை தண்ணீர் கரைந்துபோய் எரிந்துவிடும். அளவு மீறினால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பிரிந்து அடியில் தங்கும், பம்ப் முதலில் உறிஞ்சுவது அதைத்தான். தினமும் ஓடும் வண்டிக்கு இந்தப் பிரச்சினை இல்லை. வெளியூர் போய், அரை டேங்கோடு மழைக்காலம் முழுக்க நிறுத்திவைத்த வண்டிக்கு வரும்.

---

சைதாப்பேட்டை டாக்ஸி | செவ்வாய், காலை 5.50

சார் சொன்னதில் என் அனுபவத்தைச் சேர்க்கிறேன். என்னுடையது சிஎன்ஜி வண்டி. கேஸ் விலை குறைவு என்பதால் பெட்ரோல் போடவே மனது வராது, விளக்கு எரிந்துகொண்டேதான் இருக்கும். நான் வெளியில் கிட் போட்டேன். மாட்டியவர் கேஸில் ஓடும்போது பெட்ரோல் பம்பை நிறுத்தும் ரிலே வைக்கவில்லை. அது எனக்குத் தெரியாது. கேஸில் ஓடுகிறது என்று நான் நினைத்துக்கொண்டிருக்க, காலி டேங்கில் அந்தப் பம்ப் நாள் முழுக்கச் சும்மா சுற்றியிருக்கிறது.

ஒரு நாள் ஏர்போர்ட் டிராப். பின்சீட்டில் கைக்குழந்தையோடு ஒரு குடும்பம். கிண்டி மேம்பாலம் ஏறும்போது கேஸ் தீர்ந்தது, பெட்ரோலுக்கு மாறவில்லை, வண்டி நின்றுவிட்டது. அவர்களை வேறு வண்டியில் ஏற்றிவிட்டேன். விமானம் கிடைத்ததா என்று அவர்களே போன் செய்து சொல்லும் வரை எனக்குச் சோறு இறங்கவில்லை. பின்சீட்டைத் தூக்கிப் பம்பைக் கழற்றினால், மோட்டார் முழுக்கக் கருகிய வாடை. கையால் சுற்றினால் மணல் அரைபடும் சத்தம்.

இப்போது எப்போதும் பத்து லிட்டர் பெட்ரோல் வைத்திருக்கிறேன். வாரத்தில் ஒரு நாள் பத்துக் கிலோமீட்டர் பெட்ரோலில் ஓட்டி அதைச் செலவழித்துப் புதிதாகப் போடுகிறேன். கேஸ் வண்டி வைத்திருப்பவர்கள் ரிலே இருக்கிறதா என்று ஒரு தடவை கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

---

வடமராட்சி | செவ்வாய், காலை 10.30

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். எரிபொருள் இல்லாமல் வாகனம் வைத்திருப்பது என்றால் என்னவென்று எங்கட ஆக்களுக்கு நல்லாத் தெரியும்.

1990இல் பொருளாதாரத் தடை வந்தபிறகு பெற்றோல் இல்லை. மொறிஸ் மைனர், ஒஸ்ரின் ஏ40 எல்லாம் மண்ணெண்ணெயில் ஓடின. காபரேற்றருக்குள் சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்ராட் செய்து, இயந்திரம் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். அணைத்தால் திரும்பவும் பெற்றோல் தேட வேண்டும் என்பதால் கடை வாசலிலும் அணைக்காமல் நிற்பார்கள். எரியாத மண்ணெண்ணெய் வழிந்து என்ஜின் ஒயிலோடு கலந்துவிடும். ஒயிலைத் தொட்டுப் பார்த்தால் தண்ணீர் மாதிரி இருக்கும். அந்தக் கார்களில் பம்ப் என்ஜினோடு சேர்ந்த சாதாரண டயபிரம் பம்ப்தான். எத்தனை தரம் தாங்கி காய்ந்தாலும் அதற்கு ஒன்றும் ஆகவில்லை. என்னுடைய மாமாவின் ஏ40 இன்றும் ஓடுகிறது.

2022இல் வந்தது வேறு மாதிரி. நாள் கணக்கில் வரிசை, பிறகு கியூஆர் அட்டை வந்து காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர், ஓட்டோவுக்கு 5, மோட்டார் சைக்கிளுக்கு 4. அந்த வரிசையில்தான் ஹைபிரிட் வாகனங்கள், அதாவது பெற்றோலிலும் பற்றரியிலும் ஓடுபவை, படுத்ததைப் பார்த்தேன். பெற்றோல் முடிந்தபிறகும் அது பெரிய பற்றரியில் மெல்ல மெல்ல நகரும். வரிசை நகரும்போது எல்லாரும் அப்படித்தான் நகர்த்தினார்கள். அந்த வாகனங்களில் என்ஜினைச் சுற்றி ஸ்ராட் செய்வதும் அதே பெரிய பற்றரிதான். அது அடிமட்டத்துக்கு இறங்கிவிட்டால், பிறகு பெற்றோல் ஊற்றினாலும் ஸ்ராட் எடுக்காது. சாதாரண 12 வோல்ற் பற்றரிக்கு வயர் கொடுப்பதுபோல் கொடுத்தும் சரிவராது. எனக்கு முன்னால் நின்ற ஒருவர் பெற்றோல் செற்றுக்கு மூன்று வாகனம் இருக்கும்போது அப்படி நின்றுபோனார். அவருக்குப் பெற்றோல் கிடைத்தது, வாகனத்தை லொறியில் ஏற்றித்தான் கொண்டுபோனார்கள்.

ஹைபிரிட் வைத்திருப்போர் பெற்றோல் முடிந்தால் பற்றரியில் ஓட்டிப் பார்க்காமல் உடனே நிறுத்துங்கோ.

---

பண்ணாரி வழி | செவ்வாய், இரவு 10.05

எல்லோரும் பம்பைப் பற்றிப் பேசிவிட்டீர்கள். நான் உள்ளே இருப்பவர்களைப் பற்றிச் சொல்கிறேன். தாழம்பூ, இன்ஜின் நின்ற பிறகு ஸ்டியரிங் கனத்ததா?

சத்தியமங்கலத்திலிருந்து திம்பம் மலைப்பாதையில் 27 கொண்டை ஊசி வளைவுகள். ரிசர்வ் விளக்கு எரிய ஏறிக்கொண்டிருந்தேன். மேலே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்ற நினைப்பு. பதினோராவது வளைவோ பன்னிரண்டாவதோ, வண்டி சாய்ந்து திரும்பும்போது இன்ஜின் இருமியது, நேரானதும் சரியானது. அடுத்த வளைவில் மறுபடி. மிச்சமிருந்த பெட்ரோல் டேங்கின் ஒரு மூலைக்கு ஓடிப்போய்ப் பம்புக்கு எட்டவில்லை என்று அப்போது புரிந்தது. சமவெளியில் நாற்பது கிலோமீட்டர் ஓட்டியிருக்கக்கூடிய பெட்ரோல் மலையில் உதவாது.

பின்னால் லாரி, எதிரே லாரி, புலிகள் காப்பகம் என்பதால் இறங்கி நிற்கவும் முடியாது. அகலமான இடம் பார்த்துத் திருப்பிக் கீழே இறங்கினேன். இறங்கும்போது இரண்டாம் கியரிலேயே வைத்திருந்தேன். கியரில் இருந்து ஆக்சிலரேட்டரை விட்டால் இன்றைய இன்ஜின்கள் பெட்ரோலை முழுக்க நிறுத்திக்கொள்ளும், சக்கரமே இன்ஜினைச் சுற்றும், பிரேக் மிதியை இலகுவாக்கும் பூஸ்டரும் வேலை செய்யும். மிச்சப்படுத்துகிறேன் என்று நியூட்ரலில் போட்டு அணைத்திருந்தால், இரண்டு மூன்று மிதிக்குப் பிறகு பிரேக் கல்லாகியிருக்கும், ஸ்டியரிங் இரும்பாகியிருக்கும். அந்த இறக்கத்தில் அதை நினைத்தால் இன்றும் உள்ளங்கை வியர்க்கிறது.

நெடுஞ்சாலையில் இப்படி நின்றால் 1033க்கு அழையுங்கள், தேசிய நெடுஞ்சாலை உதவி எண். நால்வழிச் சாலையில் எல்லோரையும் இறக்கித் தடுப்புக்கு அந்தப் பக்கம் நிற்க வையுங்கள். வண்டிக்கு உள்ளே உட்கார்ந்து காத்திருக்க வேண்டாம்.

---

தாழம்பூ | புதன், இரவு 8.45

ஸ்டியரிங் கனத்தது அண்ணா. அப்போது பதற்றத்தில் அது வேறு கோளாறு என்று நினைத்தேன். அம்மாவும் வண்டிக்கு உள்ளேதான் உட்கார்ந்திருந்தார். நீங்கள் எழுதியதைப் படித்த பிறகு அதுதான் மனதை அறுக்கிறது.

இன்று ஒரு பம்ப் நாசில் பட்டறையில் காலையிலிருந்து நின்றேன். ஃபில்டரைக் கழற்றி எவர்சில்வர் தட்டில் ஊற்றப் போனார்கள். வெள்ளைத் தட்டுதான் வேண்டும் என்று கேட்டேன், பீங்கான் தட்டு ஒன்றைக் கொண்டுவந்தார்கள். டீசல் தேநீர் நிறத்தில் இருந்தது. அடியில் இரண்டு சொட்டுத் தண்ணீர் தனித்தனிக் குமிழாக உருண்டது, கொஞ்சம் கருப்புக் கசண்டு. டார்ச்சைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தோம். மினுமினுப்பு இல்லை. காந்தத்தைத் தட்டின் அடியில் வைத்து நகர்த்தினார், எதுவும் கூட நகரவில்லை. அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது.

நான்கு பாட்டில் கட்டி ரிட்டர்ன் பார்த்தார்கள். மூன்று ஒரே மட்டம், நான்காவது நகக்கண் அளவு கூட. “இது வயசுக்கு உள்ளது, இப்போதைக்குத் தொட வேண்டாம்” என்றார். ஸ்கேனரில் பி0087 மட்டும்தான், அதையும் அழித்துவிட்டார்கள். ஃபில்டர் உறையின் ஓ ரிங் என்ற ரப்பர் வளையம் வெடித்திருந்தது. அதன் வழியாகத்தான் ராத்திரியில் ஏர் இழுத்திருக்கிறது, காலையில் ஸ்டார்ட் தாமதமானதும் அதனால்தான். மொத்தச் செலவு ஃபில்டர், ரிங், கூலி மட்டும்.

மினுமினுப்பு இருந்திருந்தால் வண்டியை விற்றுவிடுவது என்றே முடிவு செய்துவைத்திருந்தேன்.

---

நாமக்கல் டீசல் | புதன், இரவு 9.30

நல்ல செய்தி சகோதரி. தண்ணீர் இரண்டு சொட்டு வந்தது ஒன்றும் பெரிதில்லை, அதைப் பிடித்துவைப்பதும் அந்த ஃபில்டரின் வேலைதான். அடுத்த முறை ஃபில்டர் மாற்ற நாள் தள்ளாதீர்கள். அப்புறம், முள் பொய் சொன்னதை யாரும் பார்க்கவில்லையா? அதைப் பார்க்காவிட்டால் மறுபடியும் நிற்பீர்கள்.

---

தாழம்பூ | மூன்று வாரம் கழித்து, சனி, மாலை 6.15

முள் விஷயத்தை எழுத மறந்துவிட்டேன். விளக்கு திரும்ப எரியவில்லை, ஸ்டார்ட் முன்பு போலவே ஆகிறது.

டிக்கியில் ஐந்து லிட்டர் டீசலைத் தகரக் கேனில் வைத்துக்கொண்டு, முள் அன்றைக்கு நின்ற அதே இடத்துக்கு வரும் வரை ஊருக்குள்ளேயே ஓட்டினேன். சிவப்புக் கோட்டுக்கு மேலே ஒரு விரல். பங்கில் போய் நிரப்பினால் 42 லிட்டர் டேங்கில் 40 லிட்டருக்கு மேல் பிடித்தது. பின்சீட்டைத் தூக்கிப் பார்த்தபோது, டேங்குக்குள் இருக்கும் மிதவையின் கம்பி வளைந்திருந்தது. முன்னால் வைத்திருந்தவர் எப்போதோ கழற்றி மாட்டியபோது வளைந்திருக்க வேண்டும் என்கிறார் மெக்கானிக். நிமிர்த்தி மாட்டியாயிற்று. இப்போது முள் கோட்டைத் தொடும்போது ஏழு லிட்டர் மிச்சம் இருக்கிறது, அளந்து பார்த்துவிட்டேன்.

அந்தப் பைக் பெரியவரைத் தேடிப் போன வாரம் கொட்டாம்பட்டிக்கு அம்மாவோடு போனோம். பங்கில் விசாரித்ததில் அடையாளம் சொன்னார்கள். கேனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தோம்.